லியோனோருக்கு ஏழாம் நாள் பூசை

செத்தவர்களுக்கு ஏழாம் நாள் கோயிலில் பூசை வைப்பது பிரேசிலில் எங்கள் ஊர் வழக்கம். என் மனைவி ஜுரேமா அதைத் தொலைக்காட்சித் தொடரில் செத்துப்போன லியோனோருக்கு வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அந்தத் தொடரில் யாரும் நிம்மதியாக ஒருவாய் காப்பி குடித்து நான் பார்த்ததில்லை.

"அவ நடிகைடி. சம்பளம் வாங்கிக்கிட்டுச் செத்திருக்கா."

"உங்க நெஞ்சுல ஈரமே கிடையாது."

படித்தவராவது புத்தி சொல்லட்டும் என்று பாதிரியார் அன்செல்மோவிடம் போனேன்.

"நேத்தே வந்து கேட்டா. முடியாதுன்னுட்டேன்," என்றார்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

"பின்ன என்ன வால்டிர்? பெட்டிய மூடியேதான பொதச்சாங்க, முகத்த யாராவது பாத்தாங்களா? உசுரோட இருக்கறவளுக்கு எப்படிப்பா பூசை வைக்கறது?"