ஜெயரட்ணம் வீட்டு வாசலில் மாட்டு லொறி

ஜெயரட்ணம் கேட்டபோதே முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். மனைவி யோகராணிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து நியூசிலாந்தின் ஓக்லாந்துக்கு வந்த எனக்குக் கிடைத்தது மாட்டு லொறி ஓட்டும் வேலை. தைஹாபே என்ற ஊருக்கு அப்பால், தார் ரோடு முடிந்தும் நெடுந்தூரம் போகவேண்டிய பெரிய மலைப்பண்ணைகளில் மாடு ஏற்றி, ஓக்லாந்துக்குத் தெற்கே இறைச்சித் தொழிற்சாலையில் இறக்குவேன். என்னைத் தள்ளிவைக்க அது போதும் எங்கள் ஆட்களுக்கு. சனிக்கிழமை ஆட்டுக்கறியை வெளுத்துக் கட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பஜனை பாடுகிற கூட்டம், என்னை வாசலோடு நிறுத்திவிடும். யோகராணி அவித்துக்கொண்டு போகும் மோதகத்தை ஒருவரும் தொடமாட்டார்கள்.

அப்படிப்பட்ட கூட்டத்தின் தலைவர், கணக்காளர் ஜெயரட்ணம், பாபகூராவில் புதுவீடு வாங்கிவிட்டு எனக்குப் போன் எடுத்தார்.

"சோதி, குடிபூரலுக்கு ஒரு பசுவும் கன்றும் வேணும். உம்மட லொறியில வாறதில ரெண்டை இறக்கி, வீட்டுக்குள்ள ஒருக்கா நடத்திப்போட்டுக் கொண்டு போமன்."

"அண்ணை, அதெல்லாம் மலையில காட்டுத்தனமா வளந்த மாடு. ஆளைக் கண்டாலே வெருளும். குதிரையில, நாய்களோட போய்த்தான் சாய்ச்சு வருவினம். உள்ள விட்டா வீடு மிஞ்சாது."

"மாடு மாடுதானே ஐசே! சின்னனில எங்கட லட்சுமியை நான்தானே கயித்தில பிடிச்சுக்கொண்டு திரிஞ்சனான்."

யோகராணி என் கையைப் பிடித்தாள். "ஓமெண்டு சொல்லுங்கோப்பா. ஒரு நாளாவது அந்தச் சனத்துக்கு முன்னால நான் தலைநிமிர்ந்து ஒரு வீட்டுக்குள்ள போகவேணும்."

இறக்க மாட்டேன், வாசலில் நிறுத்துகிறேன், அங்கேயே பூசையைச் செய்யுங்கள் என்று ஒத்துக்கொண்டேன்.

மாடுகளை ஏற்றுமுன் ஓர் இரவு புல்லில் விடாமல் மறித்து வைத்து வயிறு காயவிட வேண்டும். பண்ணை மனேஜர், சோம்பேறி, பச்சைப் புல்லிலிருந்து நேரே கொண்டுவந்து ஏற்றினான். கத்திப் பார்த்தேன், கேட்கவில்லை. வழி முழுக்க லொறி சாணியாய் ஒழுகியது.

காலையில் பாபகூரா வாசலில் பட்டுச் சேலைகளும் நாதஸ்வரக் கசெட்டுமாக நின்றார்கள். ஜெயரட்ணம் குங்குமம் தொட்ட விரலை லொறிப் பலகை இடுக்கில் நீட்டினார். ஒரு மாடு தலையால் ஓங்கி இடித்தது. மனிதர் வேட்டியோடு பின்னால் விழுந்தார். அதே நேரம் லொறியிலிருந்து பச்சைச் சாணி அவருடைய புதுச் சீமெந்துப் பாதையில் கொட்டியது. குடிபூரலுக்குச் சாணம் தேடித் திரிந்த அவர் மனைவி வசந்தமலர், "ஐயோ, என்ர டிரைவ்வே!" என்று அலறினாள்.

பிறகு எட்ட நின்று கற்பூரம் காட்டினார்கள். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் குழாயில் கைகால் கழுவிக்கொண்டு வாசற்படிக்குப் போனேன். ஜெயரட்ணம் குறுக்கே நின்றார்.

"சோதி, பிழையா நினைக்காதேயும். வெட்டுறதுக்கு மாடு ஏத்துற ஆள், நல்ல நாளில உள்ள வாறது சரியில்லை. சாப்பாட்டை வெளியில தரச் சொல்லுறன்."

"இப்ப கும்பிட்டியளே, அந்த மாடெல்லாம் எங்க போகுதெண்டு தெரியும்தானே?" என்று கத்தினேன். "கும்பிடேக்க அது லட்சுமி. ஏத்திக்கொண்டு வந்த நான் மட்டும் பாவியோ?"

யாரோ நாதஸ்வரத்தின் சத்தத்தைக் கூட்டினார்கள்.

அப்போதுதான், எனக்கு முன்னமே பஸ்ஸில் வந்திருந்த யோகராணியைக் கண்டேன். தலைநிமிர்ந்து உள்ளே போக ஆசைப்பட்டவளைக் கராஜில் ஒரு கதிரையில் இருத்தியிருந்தார்கள். மோதகச் சட்டி மூடியபடியே மடியில் இருந்தது. அவள் எழுந்தாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாணியை மிதித்தபடியே நடந்து வந்து, நாற்றம் தாங்காது என்று இதுவரை ஒரு நாளும் ஏறாத என் லொறியில் ஏறி உட்கார்ந்தாள்.

"எடுங்கோ."

எடுத்தேன். அவள் எட்டி ஹோர்னில் கையை வைத்து அழுத்தினாள். வீட்டுக்குள்ளே ஐயர் மந்திரம் சொல்லத் தொடங்கியிருப்பார். தெருமுனை திரும்பும்வரை அவள் கையை எடுக்கவில்லை.