துடைத்த கடல்

என் அண்ணிக்கு எதுவும் நட்டநடுவில் இருந்தாக வேண்டும். சாப்பாட்டு மேசையில் தண்ணீர்க் குடுவை ஒரு விரல் தள்ளியிருந்தாலும் வந்து நகர்த்திவிட்டுத்தான் உட்காருவார். கல்யாணமான புதிதில் அண்ணன் வேண்டுமென்றே அதைத் தள்ளி வைத்து வேடிக்கை பார்ப்பான். இப்போது அவனே எழுந்து போய்ச் சரிசெய்கிறான்.

அண்ணியாவதற்கு முன்பே அவர் எனக்கு மேலதிகாரி. ஒருநாள் வேலை முடிந்து நான்தான் வீட்டுக்குக் கூட்டிவந்தேன், மீதியை அண்ணன் பார்த்துக்கொண்டான். சனிக் கிரகத்தின் பெரிய நிலவிலிருந்து விண்கலம் அனுப்பும் படங்களைச் சுத்தம் செய்து தருவது எங்கள் வேலை. "ஊரே சனி எப்ப விட்டுத் தொலையும்னு காத்துக்கிட்டு இருக்கு. என் வீட்டுல ரெண்டு பேரு சம்பளம் வாங்கிக்கிட்டு அது பின்னாலயே ஓடுறீங்க" என்பது அம்மாவின் நிரந்தரக் குறை.

அந்த நிலவை வெளியிலிருந்து பார்த்தால் வெறும் ஆரஞ்சு மூட்டம். நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பிடிக்கும் கேமராவுக்கு மட்டும் அது கொஞ்சம் வழிவிடும். அப்போது கீழே ஆறு தெரியும், மணல்மேடு தெரியும், கடல் தெரியும். கடலென்றால் தண்ணீர் இல்லை. நம் அடுப்பில் எரிகிற மாதிரியான வாயு, அங்குள்ள குளிரில் திரவமாகிக் கரைதொட்டுக் கிடக்கிறது. இத்தனை வருடமாகியும் இதை எழுதும்போது எனக்குப் புல்லரிக்கிறது. புல்லரிக்காதவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

கலத்தில் இரண்டு கேமராக்கள். ஒன்று மணலுக்கு, இன்னொன்று வடதுருவக் கடலுக்கு. கலம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமென்ற கட்டளையை எழுதும்போதும் அண்ணிக்கு அதே புத்திதான். கடல் படத்தின் நட்டநடுவில் விழ வேண்டும், இம்மி பிசகக் கூடாது.

கடல் கேமராவின் முதல் படங்களிலேயே நடுவில் வெளிறிய கறை ஒன்று இருந்தது. அடுத்தடுத்த படங்களிலும் அதே இடத்தில். கண்ணாடியில் தூசி ஒட்டியிருக்கும் என்று கேமராவைச் செய்தவர்கள் கையை விரித்துவிட்டார்கள். அவ்வளவு தூரம் போய் யார் துடைப்பது? அண்ணி இங்கிருந்தே துடைத்தார். படத்தின் நடுவில் எது வெளுப்பாக இருந்தாலும் அதைக் கடலின் கருப்புக்கு இறக்கிவிடும் புரோகிராம் ஒன்றை எழுதினார். ஒவ்வொரு படம் வந்ததும் திரையில் 'துடைக்கலாமா?' என்று கேள்வி வரும். நாங்கள் பார்க்காமலேயே 'ஆம்' அழுத்துவோம்.

அப்படித் துடைத்த படங்களில் ஒன்று பேர் வாங்கியது. ஒரு சுருக்கம்கூட இல்லாமல், முகம் பார்க்கும் கண்ணாடி போலக் கருப்பாக ஒரு கடல். பாடப்புத்தக அட்டையில் வந்தது. எங்கள் வீட்டுக் கூடத்திலும் தொங்குகிறது, எந்த இடத்தில் என்று சொல்ல வேண்டியதில்லை. அலுவலகத்தில் அண்ணிக்குக் 'கண்ணாடி' என்றே பெயர் விழுந்துவிட்டது.

ஆனால் எத்தனை முறை பார்த்தாலும் அதே கண்ணாடிதான். அதனால் கலத்தின் எரிபொருள் தீரும் கட்டத்துக்கு வந்து, அந்த நிலவைக் கடைசியாக ஒருமுறை கடக்கும் வாய்ப்பு மட்டும் மிஞ்சியபோது, அண்ணி அதை மணல்மேடுகளை ஆராய்பவருக்கு விட்டுக்கொடுத்தார். அவரை நாங்கள் மணல்காரர் என்போம். கடலில் இனிப் பார்க்க ஒன்றுமில்லை என்று அண்ணி சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. இவ்வளவு தாராளம் எதற்கு என்று வீட்டில் சண்டைகூடப் போட்டேன்.

கடைசிக் கட்டளையை ஒருநாள் மாலைக் கூட்டத்தில் உறுதிசெய்து அனுப்பிவிடுவதாக ஏற்பாடு. அனுப்பியபின் மாற்ற முடியாது. அன்று காலையில்தான் அதற்கு முந்தைய சுற்றின் கடல்படம் வந்தது. கலத்தைத் திருப்பும் சக்கரம் ஒன்று மக்கர் செய்ததில் அது முழுதாகத் திரும்பவில்லை. கடல் ஓரத்துக்குப் போய், படத்தின் நடுவில் வெறும் தரை விழுந்திருந்தது. நான் வழக்கம்போல 'ஆம்' அழுத்தினேன். தரையின் நடுவில் கரும்பள்ளம் ஒன்று முளைத்தது.

புரோகிராமைத் திட்டிக்கொண்டே துடைக்காத படத்தைத் திறந்தேன். நடுவில் பள்ளமும் இல்லை, தூசியும் இல்லை. வெளிறிய கறை ஓரத்தில், கடலுக்கு மேலே, சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

கண்ணாடியில் ஒட்டிய தூசி கடலோடு கூடவே நகருமா? கறை எப்போதும் நடுவில் இருந்ததற்குக் காரணம், கடலை நாங்கள் எப்போதும் நடுவில் வைத்ததுதான். அங்கே இருந்தது மேகம். உள்ளதை உள்ளபடி கலம் அனுப்ப அனுப்ப, நாங்கள் அழித்துக்கொண்டே இருந்திருக்கிறோம்.

நியாயமாக நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்கு அண்ணியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. இதைச் சொன்னால் அவர் பேர் வாங்கிய படம் பொய்யாகிவிடும். சொல்லாவிட்டால் கலம் மணலைப் பார்த்துவிட்டு அணைந்துபோகும், அந்த மேகத்தை இனி யாரும் பார்க்கப் போவதில்லை. நாளைக்குச் சொல்லலாமே என்று ஒரு மனது சொன்னது. அந்த மனதை நாலு சாத்து சாத்திவிட்டு அவர் அறைக்குப் போனேன்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அண்ணி மேசையிலிருந்த பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. யார் கண்டது அண்ணி, வேறு காரணம் இருக்கலாம் என்று உளறினேன்.

"சும்மா இரு," என்றார். "துடைக்காத பழைய படமெல்லாம் இருக்குல்ல? முதல்ல இருந்து எடு."

எல்லாம் பத்திரமாக இருந்தன, யாரும் திறந்து பார்க்காததால். வரிசையாக ஓட்டினோம். முதலில் கடலின் மேல் கையகலத் திட்டு. பிறகு அது பருத்தது, நீண்டது, ஒரு கரையைத் தொட்டது. கொஞ்ச காலம் காணாமலே போய்விட்டு எதிர்க்கரைப் பக்கம் மெல்லிசாக எழும்பியது. குளிர்பெட்டியைத் திறந்ததும் வழியுமே ஒரு வெண்புகை, அதே மாதிரி கடலிலிருந்து வழிந்தது. செத்துக் கிடப்பதாக நாங்கள் நினைத்த கடல், பருவத்துக்குப் பருவம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அண்ணி அழுவார் என்று பயந்திருந்தேன். அழுதது நான். அவர் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய், எட்டு வயதுப் பிள்ளைபோல வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். படங்கள் முடிந்ததும் இன்னொருமுறை ஓட்டச் சொன்னார். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு கூட்டத்துக்குப் புறப்பட்டார்.

கூட்டத்தில் அவர் சுற்றி வளைக்கவில்லை. "இத்தனை வருஷமா தூசின்னு நெனச்சு நான் மேகத்தை அழிச்சிருக்கேன். புத்தகத்துல இருக்கிற படமும் தப்பு. அதைத் திரும்ப வாங்கிக்கிறேன். இன்னொரு தடவ பாக்க விடுங்க."

எங்கள் அலுவலகத் தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் படத்தைக் காட்டித்தான் அவர் ஊர் ஊராகப் பேசி வந்தார். எல்லாரும் மணல்காரரைப் பார்த்தார்கள். கொடுத்ததைத் திரும்பக் கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? அவர் மணல் படமாவதற்குக் காத்திருந்தது எனக்கும் தெரியும். அவர் வாய் திறந்தால் திருப்பிக் கொடுக்க நான் நாலு பதில் தயாராக வைத்திருந்தேன். அவரோ படங்களை வரிசையாகக் காட்டச் சொன்னார். மூச்சு விடாமல் பார்த்தார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"மணல் அங்கயேதான் கெடக்கும். என்னைக்காவது யாராவது போய்ப் பாத்துக்குவாங்க," என்றார். "இது கலைஞ்சு போற சமாச்சாரம். நீங்க எடுத்துக்குங்க."

தயாராக வைத்திருந்த நாலு பதிலையும் விழுங்கிக்கொண்டு, அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

கட்டளையை அண்ணி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கடலை வழக்கம்போல நடுவில் குறித்தேன். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார். மேகம் கரையேறிப் போனால் படத்தில் இடம் வேண்டுமே, கடலை ஒதுக்கி ஓரமாக வை என்றார். வீட்டில் சொன்னபோது அண்ணன் நம்பவே இல்லை.

கடைசிப் படம் வந்த அன்று அறையில் நிற்க இடமில்லை. மணல்காரர் முன்வரிசை நாற்காலியைப் பிடித்திருந்தார். பதிவு இறங்கி முடிந்தது. திரையில் கேள்வி வந்தது: 'துடைக்கலாமா?'

பழகிய கை. அண்ணியின் விரல் தன்னால் 'ஆம்' பக்கம் போனது. பொத்தானுக்கு மேலேயே நின்றுவிட்டது. அவர் சிரித்துவிட்டு நாற்காலியைத் தள்ளி எனக்கு இடம்விட்டார். நான் 'இல்லை' அழுத்தினேன்.

படத்தின் ஓரத்தில் கடல் கருப்பாகக் கிடந்தது. அதிலிருந்து எழுந்த மேகம் கரையைத் தாண்டி, தரைமேல் நீளமாகப் படர்ந்திருந்தது. மேகம் கடந்துபோன வழியெல்லாம் நிலம் கருத்து நனைந்திருந்தது. மழை. மனிதர் யாரும் நனையாத மழை. நாங்கள் இத்தனை பேர் கால் கடுக்க நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அண்ணி மூக்கை உறிஞ்சினார். வீட்டில் ஒரு துளி அழுக்கைப் பொறுக்காதவர், அந்தத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு அழுக்கா இருக்கு பாரு," என்றார்.