நீலம் ஏறிய குழி

1

ஒளிப்பானேன், இந்தக் கதையைத் தொடங்கிவைத்தது ஆள் அல்ல, ஒரு நிறம். ஆய்வகத்தில் வேலை பார்க்கும் தோழி பேச்சுவாக்கில் சொன்னாள்: "எங்க டெஸ்ட்ல நீலம் கூடினா ஹார்மோன் கம்மின்னு அர்த்தம்." அவள் வேறு பேச்சுக்குத் தாவிவிட்டாள். எனக்குத்தான் அதற்குப் பிறகு கனவெல்லாம் நீலம்.

2

ஜன்னல் வழியே இளவெயில் வந்து...

(அடித்துவிட்டேன். அந்த அறையில் ஜன்னலே கிடையாது.)

அக்கா ஒருத்தி. ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் எவ்வளவு என்று அளப்பது அவள் வேலை. பிளாஸ்டிக் தட்டில் வரிசையாகச் சின்னக் குழிகள். குழிக்குள் ஹார்மோன் உட்கார இடம் கொஞ்சம்தான். ரத்தத்தில் வந்த ஹார்மோனும், நொதியை முதுகில் சுமந்தபடி சீசாவிலிருந்து வந்த ஹார்மோனும் முண்டியடித்து இடம் பிடிக்கும். இடம் கிடைக்காதது கழுவும்போது போய்விடும். உட்கார்ந்துவிட்ட நொதி, பிறகு ஊற்றும் நிறமில்லாத திரவத்தை நீலமாக்கும். ரத்தத்தில் ஹார்மோன் குறைந்தால் நொதிக்கு இடம் கூடும், நீலமும் கூடும்.

(பாடம் எடுக்கிறேன் என்று கோபிக்காதீர்கள். இது தெரியாவிட்டால் அடுத்து வருபவளின் சிரிப்பு உங்களுக்கு வலிக்காது.)

3

தங்கை. முதலில் அழுமூஞ்சியாக எழுதினேன், ஒட்டவில்லை. வாயாடியாக்கியதும் உயிர் வந்துவிட்டது. குழந்தைக்காக ஊசி போட்டுக்கொள்கிறாள். கருமுட்டை வளர்ந்தால் ஹார்மோன் ஏறும். இந்தத் தடவையும் ஏறாவிட்டால் சிகிச்சையை நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்று தட்டை எட்டிப் பார்த்தாள். தூங்குகிறவர் மூச்சு போல நீலம் மெல்ல மெல்லப் பரவியது. மற்றவர்களின் குழிகள் வெளுப்பாகவே இருந்தன. தங்கையின் குழிகள் மட்டும், ஒப்பிட்டுப் பார்க்க ஹார்மோனே சேர்க்காமல் வைத்த முதல் குழிக்கு ஈடாக நீலம்.

"அக்கா, என்னோடதுதான் செம நீலம்! இந்தத் தடவ ஏறிடுச்சுல்ல?"

"இருடி, மெஷின்ல வெச்சுப் பாக்கணும்."

"மெஷின் கெடக்கட்டும், கண்ணுக்கே தெரியுதே! அவருக்குப் போன் போடுறேன்."

4

வேறு யாருடைய ரத்தமோ குழி மாறிவிட்டது என்று ஒரு முடிவு எழுதினேன். ஆனால் எந்த ரத்தத்தையும் இரண்டு குழிகளில் ஊற்றுவது அங்கே வழக்கம். அவளுடைய இரண்டும் ஒரே நீலம், மாறியிருக்க வழியில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று அக்கா...

இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. இந்த இரண்டு பேரையும் நான்தான் உண்டாக்கினேன், ஆனாலும் பிடித்துப்போய்விட்டது.

அக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு மெஷின் பக்கம் திரும்பிவிட்டாள். தங்கை போனைக் காதில் வைத்துவிட்டாள், மணி போகிறது. அந்தப் பக்கம் எடுப்பதற்குள் யாராவது அவளிடம் சொல்லியாக வேண்டும். என்னால் முடியாது. நீலம் என்றால் என்னவென்று இப்போது உங்களுக்கும் தெரியும். நீங்கள் சொல்லுங்கள்.