காளியாயியின் ஜன்னலும் முருகேஸ்வரியின் காரும்

எங்கள் ஊர் கவுஞ்சியில் முருகேஸ்வரியின் கார் முந்தின வருஷம் மாசியிலிருந்து எஞ்சின் செத்த நிலையில்தான் ஓடுகிறது. கழற்றி எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பானெட்டைத் திறந்தால் எஞ்சின் இருக்கிறது. அதன் பக்கவாட்டில் ஆள்காட்டி விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு. உள்ளே பிஸ்டன் இறுகிப்போய்க் கிடக்கிறது. எஞ்சின் மேலேயே ஒரு சின்னான் குருவி கூடு கட்டிக் குஞ்சும் பொரித்துவிட்டுப் போயிருக்கிறது. பெட்ரோல் டேங்க் காய்ந்து வெகுநாளாகிறது. அப்படியும் அந்த வண்டி வாரத்தில் பாதி நாள் மன்னவனூர், பூம்பாறை வழியாகக் கொடைக்கானல் போய்த் திரும்பி வருகிறது. மலைப்பூண்டு விலை இந்த வருஷம் கொஞ்சம் இறக்கம், கேரட் பரவாயில்லை, முருகேஸ்வரியின் கார் ஓடுகிறது. வெளியூர்க்காரர்கள் யாராவது விசாரித்தால் இந்த வரிசையில்தான் நாங்கள் சொல்வது வழக்கம்.

கார் வந்தது ஒரு தைப்பூசத்துக்கு மறுவாரம். பூண்டு நன்றாக விலைபோன வருஷம் அது. முருகேஸ்வரியும் அவள் புருஷன் அஜித்குமாரும் பழனிக்கு இறங்கிப்போய், பழைய கார் விற்கிற கடை ஒன்றில் மயில்கழுத்து நிறத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். எஞ்சினுக்கு ஒரு வருஷம் வாரண்டி என்று கடைக்காரர் அழுத்திச் சொல்லி அனுப்பியிருந்தார். அடிவாரத்தில் சந்தனம் வைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, புத்தம்புது வண்டிக்குச் செய்கிற மரியாதை அத்தனையும் செய்தார்கள். அஜித்குமாருக்கு மலைப்பாதை வளைவென்றால் தலை சுற்றும். அதனால் ஓட்டி வந்தவள் முருகேஸ்வரி. கொடைக்கானலில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்ப் பழகியிருந்தாள். எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளை ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியது அதுதான் முதல் தடவை. இறங்கியவள் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே வேறு நடந்தாள். அதை அவள் செய்திருக்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

ஏனென்றால் அந்த வாசலைப் பார்த்த பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னலில் காளியாயி நின்றுகொண்டிருந்தாள். காளியாயி அஜித்குமாரின் அண்ணன் ஆண்டிச்சாமிக்கு வாழ்க்கைப்பட்டவள், முருகேஸ்வரிக்கு ஓரகத்தி. இருவருக்கும் ஒரே சுவர், ஒரே தண்ணீர்க் குழாய், சரிபாதியாகப் பிரித்த நிலம். காளியாயி பார்த்தால் பயிர் கருகும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது சுத்தப் பொய். அவள் வயிறெரிந்து பார்த்த எதுவும் கருகியதில்லை, கொழுத்துத்தான் போயிருக்கிறது. முருகேஸ்வரி வயலில் அந்த ஜன்னலுக்கு நேராக இருக்கிற பாத்தியில் மட்டும் கேரட் முழங்கை நீளம் விளையும். அவள் ஏக்கத்தோடு பார்த்த பசுமாடு இரட்டைக் கன்று போட்டது. எங்கள் வயல் அந்த ஜன்னலுக்கு எதிரே அமையவில்லையே என்று எனக்கே மனத்தாங்கல் உண்டு.

வாங்கின மறுமாதமே ஒரு காலை, வாசலில் நின்றபடியே கார் கடகடவென்று கத்தி, புகை கக்கி அடங்கிவிட்டது. மன்னவனூரிலிருந்து மெக்கானிக் வந்து பார்த்து, எஞ்சின் சீஸாகி இறுகிப்போய், பிளாக்கும் வெடித்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வாரண்டியில் கேளுங்கள் என்று கையைத் துடைத்துக்கொண்டு போனான். அன்று காளியாயி பக்கத்து ஊர் போளூரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள். முருகேஸ்வரிக்கு எஞ்சின் போனது பெரிய துக்கமாகத் தெரியவில்லை. சாயங்காலம் ஓரகத்தி திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாளே, அதை நினைத்துத்தான் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புருஷனிடம் வாயைத் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். வண்டியைக் கட்டி இழுத்துப் பழனிக்குக் கொண்டுபோனால் ஊரே பார்க்கும் என்று அதையும் தள்ளிப்போட்டாள். ஒன்றுமே நடக்காத மாதிரி மறுநாள் வெள்ளனே எழுந்து காரைக் கழுவினாள், துடைத்தாள், உள்ளே ஏறி உட்கார்ந்து கண்ணாடியில் பொட்டைச் சரி பார்த்தாள். ஜன்னலில் காளியாயி வந்து நின்றாள். சாவியைத் திருகாமலேயே கார் சத்தமில்லாமல் நகர்ந்து ரோட்டில் ஏறியது.

அன்றிலிருந்து அப்படித்தான். முதலில் முருகேஸ்வரி முருகன் அருள் என்று நினைத்தாள். காளியாயிக்குக் கடைவாய்ப் பல்வலி வந்த அன்றுதான் உண்மை தெரிந்தது. வலியில் அவளுக்குக் காரும் நினைப்பில்லை, ஓரகத்தியும் நினைப்பில்லை. அந்த நேரம் பார்த்துப் பூம்பாறைக்கு முன்னால் நடுரோட்டில் வண்டி நின்றுபோனது. மத்தியானம் பல்லைப் பிடுங்கி வலி அடங்கியதும், "அவ இன்னும் வரலையா? ஊர் சுத்துறா மகராசி" என்று காளியாயி முனகினாளாம். அதே நேரத்தில் கார் கிளம்பி வீடு வந்து சேர்ந்தது. அஜித்குமார் நேரத்தைப் பொருத்திப் பார்த்து, அண்ணியின் வயிற்றெரிச்சலில்தான் வண்டி ஓடுகிறது என்று மெதுவாகச் சொன்னான். முருகேஸ்வரி அவனை முறைத்தாள். ஆனால் அடுத்த வாரமே சோதித்தும் பார்த்தாள். கிளம்பும்போது வாசலில் நின்று, "கொடைக்கானல் போறேன்க்கா, ஒரு சேலை எடுக்கணும்" என்று வேண்டுமென்றே குரல் கொடுத்தாள். வண்டி மன்னவனூர் ஏற்றத்தில் பஸ்ஸை முந்திக்கொண்டு போனது.

கொஞ்ச காலம் அது சுகமாகத்தான் இருந்தது. பெட்ரோல் செலவில்லை, ஊரில் பேருக்கும் குறைவில்லை. ஆனால் கிளம்பும்போதெல்லாம் எதையாவது காட்ட வேண்டியிருந்தது. ஒரு நாள் வளையல், ஒரு நாள் புதுச் செருப்பு, ஒன்றும் இல்லாத நாளில் புருஷனை வாசலில் நிறுத்திச் சிரித்துப் பேச வேண்டியதாயிற்று. காட்டிக் காட்டி அவளுக்கே அலுத்துப்போயிற்று. அதைவிடப் பெரிய குடைச்சல் ஒன்று உள்ளே புகுந்துகொண்டது. தவணை கட்டுவது நான், கழுவுவது நான், ஓட்டுவது நான்; ஆனால் வண்டி அவள் மனசுக்குத்தான் கட்டுப்படுகிறது, அப்படியானால் வண்டி யாருடையது? முருகேஸ்வரிக்குக் காளியாயி மேல் பொறாமை வந்தது. பூண்டு உரித்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே தன் காரை ஓட்டுகிறாளே என்ற பொறாமை. வாரண்டியில் எஞ்சினை மாற்றிவிட்டால் வண்டி தன்னுடையதாகிவிடும். அந்த ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

வாரண்டி கம்பெனிக்குப் போன் போடத் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏற வேண்டும். அங்கேதான் சிக்னல். அவள் அழைப்பு தங்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு பெண் குரல் சொல்லும், பிறகு சங்கீதம் கேட்கும், பிறகு சிக்னல் போய்விடும். இப்படியே ஆடி போய், ஐப்பசி மழையும் போய், மார்கழியில் புல்லெல்லாம் பனி உறைந்து வெள்ளையாகக் கிடந்த ஒரு நாளில் ஆள் அனுப்புவதாகத் தகவல் வந்தது. தை பிறந்து பூசம் போனால் வாரண்டி முடிந்துவிடும். ஆள் வந்து பார்க்கும்போது வண்டி நின்றாக வேண்டுமே என்று முருகேஸ்வரி கண்ணேறுக்குச் செய்கிற காரியம் ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை. முன்னால் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டினாள். கறுப்புக் கயிறு சுற்றினாள். மீசை வரைந்த பூசணிக்காயைப் பானெட் மேல் உட்கார வைத்தாள். காளியாயி ஜன்னலைத் திறந்து ஒரு பார்வை பார்த்தாள். எலுமிச்சை மிளகாயோடு சேர்ந்து அங்கேயே ஊறுகாயாகிவிட்டது. பூசணிக்காய் கூட்டுக்கு வெந்த பதத்தில் குழைந்து உட்கார்ந்தது. நல்ல வாசனைதான், ஆனால் யாரும் தொடவில்லை.

கம்பெனி ஆள் சக்திவேல், கழுத்தில் அட்டை தொங்க, பஸ்ஸில் வந்து இறங்கினார். பானெட்டைத் திறந்து வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தார். குருவிக்கூட்டை நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். சட்டையைப் பேண்டுக்குள் விட்ட ஒருவர் ஓரகத்தியின் காரைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுப்பதைக் காளியாயி பார்த்தாள். கார் யாரையும் ஏற்றிக்கொள்ளாமல் தானாகவே வாசலில் ஒரு வட்டம் அடித்து வந்து நின்றது. சக்திவேல் மலையில் நிறையப் பார்த்தவர் போலும், ஆச்சரியப்படவில்லை.

"ஓடாத வண்டிக்குத்தாம்மா வாரண்டி. ஓடுற வண்டிக்கு நான் என்னன்னு எழுதறது?"

"எஞ்சின் ஒடஞ்சு கெடக்குங்க சார். நீங்களே கைய விட்டுப் பாத்தீங்கள்ல?"

"பாத்தேன். இல்லேங்கல. ஆனா ஓடுதே."

பஸ் திரும்பி வரும்வரை டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவும், அதற்குள் வண்டி நின்றுவிட்டால் புது எஞ்சினுக்கு எழுதிவிடுவதாகவும் சொன்னார். முருகேஸ்வரிக்கு இனி ஒரே வழிதான் இருந்தது. ஒரு வருஷமாக எதை மறைத்தாளோ அதைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அவள் காளியாயியின் அடுப்படிக்குப் போய் நின்றாள். அவமானத்தில் காது சிவந்திருந்தது.

"அக்கா, வண்டி செத்துப்போச்சுக்கா. வாங்குன மறுமாசமே போச்சு. ஏமாந்துட்டோம்."

காளியாயி பூண்டு உரிப்பதை நிறுத்தினாள். அவள் முகத்தில் மெல்ல ஒரு குளிர்ச்சி படர்ந்தது. ஒரு வருஷத்து எரிச்சல் முழுக்க அந்த ஒரு நொடியில் ஆறிப்போனது. வெளியே கார் நின்றது. நின்றதோடு ஒரு பக்கம் சாய்ந்துகொண்டது. சக்திவேல் டீ கிளாஸை வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். அந்த நேரத்தில் காளியாயி சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கேட்டாள்.

"அப்ப வாசல்ல நிக்கிற தம்பி ஆரு?"

முருகேஸ்வரி வாரண்டியைப் பற்றிச் சொன்னாள். வாங்கின பொருள் கெடுவுக்குள் பழுதானால், விற்றவர்களே ஆள் அனுப்பி, பார்த்து, கெட்டுப்போனதை எடுத்துவிட்டுப் புதுசு வைத்துக் கொடுப்பார்கள் என்று விளக்கினாள். கேட்கக் கேட்கக் காளியாயியின் முகம் மாறியது. கத்தியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு உருளைக்கெழங்கு மூட்டையோட விழுந்து முட்டி போச்சு. பல்லு போச்சு. வயித்துல ஒண்ணு தங்காமயே போச்சு. என்னான்னு ஒருத்தன் வந்து எட்டிப் பாத்தானா? ஒனக்கு இரும்பு ஒடஞ்சதுக்குக் கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டு மலையேறி வர்றான். ஒடஞ்சாலும் ஒனக்குத்தான் கேக்க ஆளு இருக்கு முருகேசு."

வெளியே கார் உறுமியது. ஒரு வருஷத்தில் அது சத்தம் போட்டது அன்றைக்கு மட்டும்தான். நின்ற இடத்திலிருந்து பூண்டு வயலின் படிக்கட்டுகளில் ஒவ்வொன்றாக ஏறி, உச்சியில் திரும்பி, பயிரை மிதிக்காமல் இறங்கி வந்தது. சக்திவேல் பேனாவை மூடினார். பஸ் ஹாரன் கேட்டது. அவர் டீக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார். தை வந்தது, பூசம் போனது, அதோடு வாரண்டியும் போனது.

முருகேஸ்வரி அன்று அந்த அடுப்படியை விட்டு உடனே வரவில்லை. தங்காமல் போன அந்தக் கரு பற்றி அவளுக்கு அதுவரை தெரியாது. ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் இத்தனை வருஷம் குடியிருந்தும் தெரியாமல் போயிற்றே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. பிறகு வெளியே போய்க் காரின் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"ஏறுங்கக்கா. முட்டியக் காமிச்சிட்டு வருவோம், வெரசா வாங்க."

ஏறி உட்கார்ந்தால் காளியாயியின் மனசு ஆறிவிடும், வண்டி நிரந்தரமாக நின்றுவிடும் என்பது முருகேஸ்வரிக்குத் தெரியும். தெரிந்துதான் திறந்தாள். காளியாயி ஏறினாள், சீட்டைத் தடவிப் பார்த்தாள், கண்ணாடியை இறக்கி ஏற்றினாள். வண்டி நிற்கவில்லை. அவள் கண் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த முருகேஸ்வரியின் கைகள் மேலேயே இருந்தது. கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் முட்டிக்குப் பெல்ட்டும் மாத்திரையும் கொடுத்தார்கள். மறுபடி வலித்தால் பணம் வாங்காமல் பார்ப்பீர்களா என்று காளியாயி டாக்டரிடம் கேட்டாள். அப்படியெல்லாம் இல்லை என்று அவர் சொன்னதைத் திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே வந்தாள்.

முட்டி சரியானதும் காளியாயி வண்டி பழகினாள். முருகேஸ்வரிதான் சொல்லிக் கொடுத்தாள். இப்போது முறை வைத்து ஓட்டுகிறார்கள், ஒருத்தி ஓட்டினால் மற்றவள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு வருகிறாள். கம்பெனியிலிருந்து வாரண்டியைப் புதுப்பிக்கச் சொல்லி அவ்வப்போது போன் வருகிறது, வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். குருவி இந்த வருஷமும் அதே கூட்டுக்கு வந்திருக்கிறது. கொடைக்கானலில் அவசரமான சோலி இருக்கிற ஊர்க்காரர்கள், காளியாயி ஓட்டுகிற நாளாகப் பார்த்துத்தான் ஏறுகிறோம். அன்றைக்குத்தான் வண்டி வேகமாகப் போகிறது.