மாவுக்கட்டுக்குள் கால்

புளி உலுக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து, என் வலது கால் எலும்பு முறிந்தது. ஜவ்வாது மலையிலிருந்து போளூருக்கு இறக்கிக் கொண்டுவந்து, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். அன்று மாலையே கட்டு இறுக்குகிறது என்று சொன்னேன்.

"கட்டுன்னா இறுக்கமாத்தான் இருக்கும். தொளதொளன்னு போட இது இன்னா லுங்கியா?" என்று கேட்டார் நர்ஸ் புவனா. பக்கத்துக் கட்டிலில் அதேபோல் காலில் கட்டோடு கிடந்த கோபால்சாமி வாய்விட்டுச் சிரித்தார்.

மறுநாள் காலையில் விரல்கள் வெளுத்துச் சில்லிட்டிருந்தன. என் மனைவி நதியா தொட்டுப் பார்த்துவிட்டு நர்ஸிடம் போனாள்.

"காலு ஐஸ் மாதிரி கீதுங்க. டாக்டர வந்து பாக்கச் சொல்லுங்க."

"வர்ற நேரத்துக்கு வருவாரு. கம்முனு போய் உக்காரு. மலைலேர்ந்து வர்றவங்களுக்கு எல்லாமே அதிசயம்."

டாக்டர் வந்தார். தலைமாட்டில் நின்றபடியே, "இன்னாப்பா, வலி குறைஞ்சிதா?" என்றார். வலி குறைந்துதான் இருந்தது. "குறைஞ்சிதுங்க, ஆனா..." என்று நான் இழுப்பதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். போர்வையைக்கூட விலக்கவில்லை.

எங்கள் ஊரில் கைகால் சில்லிட்டால் சாமையை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்போம். கஞ்சிக்கென்று கொண்டுவந்த சாமையை நதியா எதிர் டீக்கடையில் வறுத்து எடுத்துவந்து என் விரல்கள்மேல் வைத்தாள்.

"சூடு ஏறுதா?"

"ஒன்னும் தெரியல. இன்னும் கொஞ்சம் வையி."

அழுத்தி வைத்தாள். துணியை எடுத்தபோது பெருவிரல் கொப்புளித்திருந்தது.

புவனா அதைப் பார்த்துவிட்டு வார்டு முழுக்கக் கேட்கும்படி பேசினார். "புருஷன் கால நீயே சுட்டு வச்சிட்டியா? நாளைக்கு எங்க மேல பழி போடுவீங்க. டாக்டர், இங்க வாங்க, இவங்க பண்ண வேலையப் பாருங்க."

நதியா தலை குனிந்து நின்றாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"சுடுறது தெரிஞ்சிருந்தா கால இழுத்திருக்க மாட்டனா?" என்றேன். "கட்டு இறுக்குதுன்னு சொன்னப்ப யாரும் வரல. எங்க மேல குத்தம் சொல்லணும்னா மட்டும் டாக்டரக் கூப்பிடுறீங்க."

டாக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார். ஒரு விரலை அழுத்தினார்.

"தெரியுதா?"

"இல்லைங்க."

சுண்டுவிரலைக் கிள்ளினார். "இப்ப?"

"இல்லைங்க."

அவர் முகம் மாறியது. கட்டு வெட்டுகிற மெஷினைக் கொண்டுவரச் சொல்லிப் புவனாவை விரட்டினார்.

கட்டைப் பிளந்ததும் வலி திரும்பியது. மெல்ல விரல்கள் சிவந்தன. சுண்டுவிரல் மட்டும் வெளுத்தே கிடந்தது. பிறகு அது கருத்துப்போக, எடுத்துவிட்டார்கள்.

"கால் தப்பிச்சிதேன்னு சந்தோஷப்படுங்க. இனிமே ஒத்தடம் கித்தடம்னு எதுவும் பண்ணாதீங்க" என்றார் டாக்டர்.

நதியா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "பண்ணலன்னா நீங்க கிட்டயே வந்திருக்க மாட்டீங்களே."

அவர் பக்கத்துக் கட்டிலுக்குப் போய்த் தலைமாட்டில் நின்றார். கோபால்சாமி அவர் கேட்பதற்கு முன்பே தன் போர்வையை உதறித் தள்ளிவிட்டு, விரல்களைக் காட்டினார்.