வசவு நிற்கக்கூடாது

புயல் போய் ஆறு நாள். கிணறுகளில் கடலும் சாக்கடையும் ஒன்றாய்க் கலந்துவிட்டன. ஜங்லிகாட் குடியிருப்பில் வீட்டுக்கு ஒருவர் வாந்திபேதியில் விழுந்திருந்தார். பள்ளிக்கூடத்தைக் காலரா வார்டாக்கி, பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுக் கட்டிலாக்கியிருந்தார்கள். அங்கே சலைன் ஏற்றத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். டாக்டர் காலையில் லாஞ்ச் படகு ஏறி அக்கரை முகாமுக்குப் போய்விட்டார். மிச்சம் நர்ஸ் ஜெயமணி.

அவளை யாருக்கும் ஆகாது. அவளுக்கும் யாரையும் ஆகாது. நாலு நாளாய்த் தூக்கமில்லாமல் அவள் நின்றதே அந்தக் கடுப்பின் பலத்தில்தான். வாளி வரத் தாமதமானால் கம்பவுண்டர் திருநாவுக்கரசைச் சபிப்பாள். ஈ மொய்த்தால் ஈயைச் சபிப்பாள். கை மட்டும் கல் மாதிரி நிற்கும்.

முந்தாநாள் ஒருமுறை அந்தக் கையும் தவறியது. ஆயா நீலாவதி அவள் முதுகைத் தடவி, "பாவம்டி நீ. ஒரு வாய் சோறாவது தின்னியா?" என்றாள். அவ்வளவுதான், உள்ளே இறுக்கிக் கட்டியிருந்தது அவிழ்ந்துவிட்டது. அடுத்த பெஞ்சில் கிடந்த சைனம்புக்கு ஊசி போடப் போனபோது விரல்கள் தந்தியடித்தன. மூன்று முறை குத்தினாள். மூன்றும் நரம்பைத் தப்பின. டாக்டரைக் கூட்டிவருவதற்குள் சைனம்பு போய்விட்டாள். அவள் புருஷன், மளிகைக்கடை நசீருதீன், பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

இன்று மத்தியானம் அதே நசீருதீன், மகள் மஸூதாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஏழு வயது. கண்கள் குழிக்குள் போயிருந்தன. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளியபடியே நின்றது.

"டாக்டர் சாப் எங்க?"

"அக்கரையில. சாயங்காலம் ஆவும்."

"அதுவரைக்கும் காத்திருக்கேன். நீ தொடாத. எம் பொஞ்சாதியக் கொன்னவ நீ."

"சாயங்காலம் வரைக்கும் இவ தாங்கமாட்டா. படுக்க வைங்க."

"தொட்டா கைய முறிச்சிருவேன்! கசாப்புக்காரி! ஆட்டுக்குக்கூட ஒரே வெட்டுதான். நீ மூணு குத்து குத்துனவ!"

"கத்தி முடிச்சாச்சா? அப்ப பொணத்துக்குச் சுத்துற கஃபன் துணிக்கு ஆள் அனுப்புங்க. ஒரு மணி நேரந்தான்."

அவர் படுக்கவைத்தார். ஜெயமணி குழந்தையின் கையில் ரப்பர் பட்டையை இறுக்கினாள். நரம்பு நூலாய்ச் சுருங்கி, விரலுக்கடியில் நழுவியது.

அப்போது பார்த்து நசீருதீன் உடைந்தார். பெஞ்சுக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "எனக்கு இவ ஒருத்திதான் மிச்சம்மா. ஏதோ ஆத்திரத்துல பேசிட்டேன். நீயும் நாலு நாளா கண்ணு மூடலையாமே, பாவம்..."

ஊசிமுனை ஆடியது. நீலாவதி சொன்ன அதே 'பாவம்'. ஜெயமணி ஊசியைப் பின்னுக்கு இழுத்தாள்.

"திட்டுங்க."

"என்னம்மா?"

"அழாதீங்க. திட்டுங்க. என்ன சொன்னீங்க, கசாப்புக்காரியா? சொல்லுங்க!"

"நான் போய்..."

"உங்க பொஞ்சாதி கையில மூணு ஓட்டை போட்டவ நான். ரெண்டு நாள்ல மறந்துபோச்சோ? இம்புட்டுதானா உங்க பாசம்?"

நசீருதீன் எழுந்தார். முகம் கறுத்தது. "ஹராம்ஜாதி! நீ வெளங்குவியா? உன் கை புழுத்துப்போவும்! தண்ணியில்லாம சாவ!"

திருநாவுக்கரசு ஓடிவந்து அவர் தோளைப் பற்றினார்.

"விடுய்யா, கத்தட்டும்!" என்று சீறினாள் ஜெயமணி. "நீ பாட்டிலப் புடி!"

வசவு மழையாய்க் கொட்டியது. அவள் பல்லைக் கடித்தாள். கை நின்றது. ஊசி இறங்கியதும் குழாயில் இரத்தம் எட்டிப் பார்த்தது. ரப்பரை அவிழ்த்துவிட்டாள். சலைன் சொட்டத் தொடங்கியது.

சாயங்காலம் லாஞ்சின் சங்கு கேட்டபோது மஸூதா, "வாப்பா, தண்ணி" என்றாள். நசீருதீன் நிமிர்ந்து ஜெயமணியைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது.

"நல்லதா ஏதும் சொல்லிராதீங்க," என்றாள். "இன்னும் பதினோரு பேருக்குக் குத்தணும்."

"நல்லதா? உனக்கா? சைனம்பு விஷயத்த மறுமையிலயும் விடமாட்டேன்."

"விடாதீங்க," என்றபடி அடுத்த பெஞ்சுக்கு நடந்தாள்.