தீட்டித் தீட்டித் தேய்ந்த சீவி

ஹூவான் ஆற்றங்கரையில் இருக்கும் அந்தத் தகரக் கொட்டகைக்கு வியாழக்கிழமைதோறும் ஒன்பது கிழவர்கள் வருவார்கள். தச்சு வேலை செய்ய வருகிறோம் என்பது ஊருக்குச் சொல்வது. உள்ளே நடப்பது பெரும்பாலும் தேநீர்.

கொட்டகைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு: எடுத்த கருவியை, எடுத்தபோது இருந்ததைவிடக் கூராக்கித்தான் திருப்பி வைக்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் ஒன்பது பேரும் ஆளுக்கு ஆள் தானே கெட்டிக்காரன் என்று நினைத்தால் எந்தச் சட்டம் உருப்படும்? பாவம், சீவிதான் மாட்டிக்கொண்டது. ஸ்டூல் காலின் நுனியை உருட்டிச் சீவிக் கழுந்து எடுக்கிற கருவி அது. பெரிய பென்சில் சீவி என்று வைத்துக்கொள்ளுங்கள். துளை போடும் மெஷினில் மாட்டிச் சுற்றினால், கழுந்து பலகைத் துளையில் சிக்கென்று இறங்குகிற மாதிரி உருண்டு வரும். டட்லி ஒரு கழுந்து எடுத்துவிட்டு அரை மணி நேரம் அதன் பிளேடைத் தீட்டி வைப்பார். லிண்ட்சே வந்து விரலில் பதம் பார்ப்பார்.

"இதுக்குப் பேரு கூரா? வெண்ணெய்கூட வெட்டாது, போ."

அவர் ஒரு மணி நேரம் தீட்டுவார். அப்புறம் கழுந்து எடுக்க யாருக்கு நேரம்? கட்டைவிரல் அகலம் இருந்த பிளேடு, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, திருகாணி ஓட்டைக்குப் பக்கம் வரை வந்து நின்றது.

ஆத்தோலும் மூன்று வருடமாகத் தீட்டியவர்தான். அவர் மனைவி கிளெனிஸுக்குப் பொறுமை போய்விட்டது.

"அங்க போயி என்னதான் கிழிக்கிற? சனிக்கிழமை கண்காட்சிக்குள்ள ஒரு ஸ்டூல் முடிச்சுக் காட்டு. இல்லைன்னா அடுத்த வியாழக்கிழமைலேருந்து என்கூட யுகுலேலே குழுவுக்கு வந்து பாடணும்."

பாட்டு என்றால் ஆத்தோலுக்கு வேப்பங்காய். அதிலும் யுகுலேலே என்ற குட்டி கிட்டாரைத் தட்டிக்கொண்டு பதினான்கு பெண்மணிகளுக்கு நடுவில் நின்று பாடுவதென்றால் அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

அந்த வியாழக்கிழமை காலையிலேயே மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"எவனாச்சும் சீவியத் தொட்டீங்க, நடக்கறதே வேற!"

கழிப்பறைக்குக்கூடச் சீவியைக் கையோடு கொண்டுபோனார். பச்சை வாட்டில் மரக் கம்பில் முதல் கழுந்து வழுவழுவென்று வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதும் வந்தது. மூன்று கால்களையும் பலகையில் அடித்து இறக்கியபோது ஆத்தோலுக்குத் தலைகால் புரியவில்லை. நாலாவது கம்பை எடுத்தார். அப்போதுதான் பிளேடின் விளிம்பில் அந்தப் பிசிறு கண்ணில் பட்டது. மயிரிழைதான். விட்டிருக்கலாம்.

ஒரே ஒரு இழுப்புதானே என்று பிளேடைக் கழற்றிச் சாணைக்கல்லில் வைத்தார். ஒரு இழுப்பு மூன்றானது. 'டிக்' என்று ஒரு சத்தம். பிளேடு ஓட்டையோடு இரண்டாகிவிட்டது.

டட்லி தொப்பியைக் கழற்றினார்.

"இதையே நாங்க செஞ்சிருந்தா உதைச்சிருப்ப, மாப்ள."

மூன்று கால் ஸ்டூலையும் மிச்சக் கம்பையும் தூக்கிக்கொண்டு ஆத்தோல் வீடு வந்தார். பொய் சொல்லத் தெம்பில்லை.

"நான்தான் உடைச்சேன். நானேதான்."

கிளெனிஸ் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு ஸ்டூலைக் கவிழ்த்துக் கால்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள். ஒன்றும் ஆடவில்லை.

"இதெல்லாம் நீயே செஞ்சதா, கிழவா?"

ஆத்தோலுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அவள் சமையலறைக்குப் போய் உருளைக்கிழங்கு தோல் சீவுகிற பீலரோடு வந்தாள். கம்பை மடியில் வைத்து உருட்டி உருட்டிச் சீவினாள். துளையில் நுழைத்துப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் சீவினாள். ஒரு மணி நேரத்தில் நாலாவது கழுந்தும் சிக்கென்று இறங்கியது. ஏறி உட்கார்ந்து குதித்தும் பார்த்தாள், ஸ்டூல் முனகவில்லை.

"அப்ப முடிஞ்சுது! நான் ஜெயிச்சுட்டேன்!" என்றார் ஆத்தோல்.

"மூணு காலு உன்னது. நாலாவது யாருது? முடிச்சது யாரு?"

ஆத்தோல் ஸ்டூலின் கால்களை இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார்.

அடுத்த வியாழக்கிழமை கிளெனிஸ் அவரைப் பாட்டுக் கூடத்து வாசலில் இறக்கிவிட்டுக் கையில் யுகுலேலேயைத் திணித்தாள். அவள் மட்டும் இறங்கவில்லை.

"நீ வரல?"

"நான் கொட்டகைக்குப் போறேன். லிண்ட்சே போன் பண்ணினான். பீலரையும் எடுத்துக்கிட்டு வரச் சொன்னான், எல்லாரும் பாக்கணுமாம்."

கார் நகர்ந்தது. ஆத்தோல் யுகுலேலேயைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டே பின்னால் ஓடினார்.

"கிளெனிஸ்! அத அவனுங்க கையில மட்டும் குடுத்துடாத!"